ஏழில் ஒன்று கிடைக்கவில்லை

எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் தப்புக்காரர் வாங்கிக்கொண்டு உடனே கிளம்பமாட்டார். ஆபீஸ் வராந்தாவுக்குக் கீழே, படியிலிருந்து தள்ளி, மண்ணில் நிற்பார். தப்புப் பறை இடது தோளில் தொங்கும். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் மேலே நின்று விஷயத்தைச் சொல்லி முடித்ததும், தப்புக் குச்சியால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே கேட்பார்.

"சரிங்கய்யா. கேட்டா என்ன சொல்ல?"

"ஆர் கேக்கப்போயினம்?"

"சனங்க கேப்பாங்கல்லங்க."

நாளைக்கு அரிசி போடமாட்டார்கள் என்று அறிவிக்கச் சொன்னால், பிறகு எப்போது என்று கேட்பார். தெரியாது என்று பதில் வந்தால், "தெரியலைன்னே சொல்லிரவா?" என்பார். அப்படிச் சொல்லவேண்டாம் என்றால் நகரமாட்டார். மழை பெய்தாலும் அங்கேயே நிற்பார். கடைசியில் கிளாக்கர் உள்ளே போய் எதையாவது விசாரித்துக்கொண்டு வருவார், அல்லது தெரியாது என்றே சொல்லித் தொலை என்பார். அதற்குப் பிறகுதான் சனங்கள் குடியிருக்கும் லயங்கள் பக்கம் தப்புச் சத்தம் கேட்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஒருவன் குச்சியால் காதைச் சொறிந்து "கேட்டா என்ன சொல்ல" என்பான், மற்றவர்கள் விழுந்து சிரிப்பார்கள்.

பசறையிலிருந்து சில மைல் மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் நான் பதினான்கு மாதம் இருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்ததில் அதுதான் அதிகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஹல்துமுல்லையில் கொஞ்சநாள், கொஸ்லந்தையில் ஒரு பருவம், எல்லவில் ரோட்டு வேலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எந்த ஊரைவிட்டும் சொல்லிக்கொண்டு புறப்பட்டதில்லை. காலையில் எழும்போது கால் அரிக்கும். துணியைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிடுவேன். இந்தத் தோட்டத்தில் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், பெட்டி அடைக்கும் வேலை கிடைத்தது. கணக்கப்பிள்ளை என்ன சாதி என்று கேட்டுத்தான் குடியிருக்கக் காம்பரா ஒதுக்குவார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அதனால் கீழே ஆற்றோரம் இருந்த கடைசி லயத்தில், தப்புக்காரரின் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா எனக்கு வந்தது.

அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கலாம். ஒல்லி. கழுத்து மட்டும் நீளம். வாயில் எப்போதும் வெற்றிலை. விடியும்போது பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்படிப்பார். பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையாக நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு மலைக்குப் போன பிறகு, அவரும் மண்வெட்டியோடு கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டப் போவார். சாவு, திருவிழா, தடுப்பூசி, தண்ணீர் வராத நாள், எல்லாவற்றுக்கும் அவர்தான்.

நான் போய்ச் சேர்வதற்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாம் லயத்தில் ஒரு பெரியவர் செத்துவிட்டார் என்று சொல்லி, மகன் இவரைக் கூப்பிட்டனுப்பினான். இவர் தப்பைத் தீயில் காய்ச்சாமல் நேராக அந்தக் காம்பரா வாசலுக்குப் போயிருக்கிறார். உள்ளே வரவேண்டாம் என்றார்கள். வாசலில் குந்தி, அரைமணி நேரம் படுத்திருந்தவரின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு எழுந்து போய்த் தப்படித்தார். "அஞ்சாம் லயத்துப் பெரியவருக்கு ரொம்ப முடியல. மூச்சு இருக்கு. பாக்க நெனைக்கிறவங்க இப்பவே போய்ப் பாத்துக்கங்க." மகன் அடிக்க வந்தான். பெரியவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். தன் சாவைத் தள்ளிவைத்தவன் என்று இவரைக் காணும்போதெல்லாம் ஒரு பீடி கொடுப்பாராம்.

இன்னொன்று, பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் எழுதிய காலத்தில் நடந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு ஓட்டுரிமை போன பிறகு, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று தோட்டம் தோட்டமாக ஆள் வந்தார்கள். இந்தத் தோட்டத்துக்கு வந்தவர் இவரிடம் செய்தியைச் சொன்னார். இவர் வழக்கம்போல, பதிந்தால் கிடைக்குமா என்று கேட்டார். அவர் நல்லபடியாகப் பேசினார், முயற்சி செய்யவேண்டும் என்றார், ஒற்றுமை என்றார். இவர் காதைச் சொறிந்துகொண்டே நின்றார். மாலையில் இப்படி அறிவித்தார்: "பிரஜா உரிமைக்கு எழுதுறாங்க. ஞாயித்துக்கிழமை. பொறந்த துண்டு இருந்தா எடுத்துட்டு வாங்க. எழுதினா கெடைக்குமான்னு கேட்டேன். அவருக்கும் தெரியல. எழுதாட்டி கெடைக்காது, அது தெரியும்." வந்தவர் கோபித்துக்கொண்டு போனாராம். ஆனால் அந்தத் தோட்டத்தில்தான் நிறையப் பேர் வரிசையில் நின்று எழுதிக்கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். எனக்கும் ஒரு துண்டு இருந்தது. அதை எங்கே தொலைத்தேன் என்று நினைவில்லை.

அவர் பக்கத்தில் இருப்பது எனக்கு ஒருவிதத்தில் தொந்தரவாக இருந்தது. எதைச் சொன்னாலும், அப்படியா என்று விட்டுவிடமாட்டார். யார் சொன்னது, நீ பார்த்தாயா என்பார். வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு அப்படி ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது சுகமில்லை. கிளம்பிவிடலாம் என்று அடிக்கடி தோன்றும். ஊசி விஷயம் வந்தபோதும் நான் துணியைச் சுருட்டி வைத்திருந்தேன்.

மூன்றாம் லயத்தில் செல்லாயி என்று ஒரு கொழுந்துக்காரி இருந்தாள். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கிக் கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். தோட்டத்து மருந்துக்காரர் பதுளைக்கு அனுப்பினார். அங்கிருந்து கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் கன்னத்துச் சதைக்குள் ரேடியம் வைத்த ஏழு சின்ன ஊசிகளைச் செருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நூல். நூல்களின் முனை வாய்க்கு வெளியே தெரியும். ஒரு வாரம் அப்படியே படுத்திருக்கவேண்டும். அவளைத் தனி அறையில் விட்டிருந்தார்கள். நர்ஸ்மார் கதவோரம் நின்று சிங்களத்தில் எதையோ சொல்லிவிட்டுச் சீக்கிரம் போய்விடுவார்களாம். யாரும் கட்டில் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. தன்னைச் சாக விட்டிருக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். மூன்றாம் நாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே நடந்து, ரயிலேறி, பதுளையில் இறங்கி, பஸ் பிடித்து வந்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழா.

அவள் வந்தது சனிக்கிழமை. புதன்கிழமை காலையில் கொழும்பிலிருந்து ஒரு கார் வந்தது. ஒரு பெரிய அதிகாரி, யாழ்ப்பாணத்து இளம் டாக்டர் ஒருவர், ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. அதிகாரி தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையோடு பங்களாவில் பேசினார். பங்களாச் சமையல்காரன் பாதியைக் கேட்டு மீதியைத் தானே சேர்த்துக்கொண்டு லயத்துக்கு ஓடினான். பத்து மணிக்குள் செய்தி மலை முழுவதும் பரவிவிட்டது. ஜப்பானில் போட்ட குண்டின் விஷம் செல்லாயியின் வாயில் இருக்கிறது, அவள் துப்பிய தண்ணீர் சனங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஓடுகிறது, காற்றில் வருகிறது. குடத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். மொனராகலைப் பக்கம் சொந்தம் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். பீலியில் குளித்துக்கொண்டிருந்த செல்லாயியை நாலைந்து பெண்கள் மண்ணாங்கட்டியால் எறிந்து விரட்டினார்கள். அவள் ஓடிப்போய்க் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊசி எங்கே என்று அதிகாரி கிளாக்கரை மொழிபெயர்க்க வைத்துக் கதவுக்கு வெளியே நின்று கத்தியும் அவள் திறக்கவில்லை.

ஆபீசில் கிளாக்கர் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார். அரசாங்கச் சொத்தான ஏழு ஊசிகள் எடுத்துச் செல்லப்பட்டுள்ளன, ஒளித்து வைத்திருப்போர் போலீசில் ஒப்படைக்கப்படுவர். அதை வாசித்துக் காட்டி, போய் அடி என்றார். ஈயத்தாள் கொண்டுவரச் சொல்லி ஸ்டோரிலிருந்து என்னையும் அனுப்பியிருந்தார்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுவதற்காக வாங்கிய பழைய ஈயத்தாள் கட்டு ஒன்று மேல்தட்டில் கிடந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் வராந்தாவுக்குக் கீழே நின்றேன். அதனால்தான் எல்லாவற்றையும் கேட்டேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. இளம் டாக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஐயா, அந்த ஊசி சுடுமாங்க?"

"இல்லை. கைக்குச் சூடு தெரியாது."

"நாத்தம்?"

"ஒரு மணமும் இல்லை. பாக்கிறதுக்கு வெறும் ஊசிதான்."

"அப்ப ஆபத்துன்னு எப்புடிங்க தெரியும்?"

"பக்கத்தில கனநேரம் வச்சிருந்தால் சில நாளில தோல் சிவக்கும். பிறகு புண் வரும். அதுக்கு முன்னம் இந்தப் பெட்டிதான் தட்டிச் சொல்லும்."

"எம்புட்டுத் தூரம் தள்ளி நிக்கணும்?"

"பத்தடிக்கு அங்கால நிண்டால் பயமில்லை. தூரம் போகப் போகக் குறையும்."

"தண்ணியில கலந்துருமா?"

"ஊசி உடையாட்டால் கலக்காது."

அவர் காதைச் சொறிந்தார். அடுத்த கேள்வியை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "அதத் தொட்டவங்கள நாம தொட்டா, நமக்கு ஒட்டுமாங்க?"

"ஒட்டாது. அந்தப் பொம்பிளையைத் தொட்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. அதை நான் நிச்சயமாச் சொல்லுவன்."

"போலீசு?"

டாக்டர் அதிகாரியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். அதிகாரி கையை விரித்தார். ஊசிதான் வேண்டும், போலீஸ் வேண்டாம் என்றார் டாக்டர்.

"அப்ப அந்தத் தாளு வேணாங்க" என்றார் இவர். "அதச் சொன்னா, வச்சிருக்கவங்க ஆத்துல எறிஞ்சிருவாங்க."

கிளாக்கர் முகம் சிவந்தார். ஆனால் அதற்குள் இவர் இறங்கிப் போய்விட்டார்.

அன்று அவர் ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாகப் போனார். வழக்கமாக மேட்டில் நின்று ஒரே அடியாகச் சொல்லிவிடுவார். அன்று ஒவ்வொரு வாசலிலும் நின்றார். வேலைக்காட்டிலும் போய்ச் சொன்னார். வார்த்தை எங்கும் மாறவில்லை. நானே நாலு இடத்தில் கேட்டேன். "ஏழு ஊசி காணோம். சின்னது, நூல் கட்டியிருக்கும். குண்டு இல்ல, வெடிக்காது. காத்துல வராது, தண்ணியில கலக்காது. தண்ணி பிடிக்கலாம். கையில எடுக்காதீங்க, கண்டா பத்தடி தள்ளி நின்னு என்னையக் கூப்புடுங்க. செல்லாயி அக்காவத் தொட்டா ஒண்ணும் ஒட்டாது, டாக்டர் ஐயா சொன்னாரு. போலீசு வராது. ஊசி எங்க இருக்குன்னு இன்னும் தெரியல. சாயந்தரம் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் திரும்ப வந்து சொல்றேன்."

கடைசி வாக்கியம்தான் சனங்களை நிறுத்தியது என்று நினைக்கிறேன். மூட்டை கட்டியவர்கள் சாயங்காலம் வரை பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். நானும் சுருட்டிய துணியை மறுபடி கொடியில் போட்டேன்.

மூன்றாம் லயத்தில் செல்லாயி கதவுக்கு முன்னால் அவர் அதையே சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் வாசல் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். "அக்கா, ஒனக்கு ஒரு வாய் வேணுமா" என்று கேட்டார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம் வந்தது. பிறகு கதவு திறந்தது. வாய் வீங்கியிருந்தது. பேச்சு குழறியது. ஊசிகளை அம்மனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

அது அவளுக்குச் சரியான காரியம். கன்னத்தில் அலகு குத்தி நேர்த்தி முடித்தவர்கள் அந்த அலகைச் சூலத்தின் அடியில் வைப்பது அங்கே வழக்கம். கன்னத்தில் ஊசி ஏற்றிக்கொண்டு அம்மன் ஊருக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நூலைப் பிடித்து இழுத்து எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தடியில் குங்குமத்துக்குள் செருகிவிட்டாள். அந்த இடத்தில்தான் பூசாரி இரண்டு நாளாகக் காப்புக் கட்டி உட்கார்ந்திருந்தார். அங்கேதான் வெள்ளிக்கிழமை நேர்த்திக்காகப் பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கரகம் எடுத்தவர்கள் தாண்டுவார்கள்.

இவர் ஓடினார். கோயில் வாசலில் கரகத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து சேர அரைமணி நேரம் ஆகும். இவர் பூசாரியை வெளியே வரச் சொன்னார். பெரிய கங்காணியின் மச்சான் ஒருவன் எழுந்தான்.

"என்னடா, கோயிலுக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னு நீ சொல்றியா?"

"ஆமாங்க. பத்தடி."

"அளந்து பாத்தியோ?"

"அளக்க வேணாங்க. எங்களுக்குக் கண்ணாலயே தெரியும்" என்றார். "நாங்க பொறந்ததுலருந்து இந்தத் தூரத்துலதான நிக்கிறோம்."

சொன்னதில் குத்தல் இல்லை. அளவு சொல்லும் குரல்தான். அந்த மச்சான் மறுபடி உட்கார்ந்துகொண்டான். அவர் வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்துத் தரையில் கோடு இழுத்தார். சரியாக அவர் எப்போதும் நின்று தப்படிக்கும் இடத்தில் கோடு விழுந்தது. பூசாரி வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றார். நான் அந்தத் தோட்டத்தில் இருந்த காலத்தில் பூசாரி அவருக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றது அந்த ஒருமுறைதான்.

டாக்டர் நீண்ட இடுக்கியோடு வந்தார். பெட்டி மழைத்துளி தகரத்தில் விழுவதுபோலத் தட்ட ஆரம்பித்து, சூலத்தடியில் ஒரே இரைச்சலானது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நான் பத்துப் பதினைந்து மடிப்பாக மடித்து வைத்திருந்த ஈயத்தாளில் போட்டார். ஆறு இருந்தது.

செல்லாயியைக் கேட்டார்கள். அவ்வளவுதான் என்றாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். பெட்டியை லயம் லயமாகக் கொண்டுபோனார்கள். கொழுந்து நேரம். பெரும்பாலோர் மலையில், கைக்குழந்தைகள் மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவில். வெறும் காம்பராக்களில் பெட்டி மெதுவாகத் தட்டிக்கொண்டே போனது. ஐந்து மணிக்கு மழை பிடித்தது. பெட்டியில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

அந்த மாலை அவர் சொன்னபடியே எல்லா லயத்துக்கும் போய், ஆறு கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை, காலையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

விடியும் நேரம் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். கார் புறப்படத் தயாராக நின்றது. ஏழாவது ஊசி ரயிலில் விழுந்திருக்கும் என்று அதிகாரி தீர்மானித்துவிட்டார். முந்தின நாள் நாற்பது பேர் வேலைக்கு வரவில்லை என்று தொரைக்குக் கோபம். எல்லாம் கிடைத்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் வேலைக்குப் போகவும், இதைச் சொன்னால் போதும் என்றார் கிளாக்கர்.

"கேட்டா என்ன சொல்ல?"

"கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. எல்லாம் எடுத்தாச்சு."

"ஐயா, லயத்தத்தான் பாத்தீங்க. ஆளுங்கள யாரும் பாக்கலையே" என்றார் அவர். பெட்டிக்குப் புது பேட்டரி பதுளையில் கூடக் கிடைக்காது என்றார் டாக்டர். அவரிடம் இவர் இன்னும் ஒன்று கேட்டார். சீக்காளி வாயில் வைத்த மருந்து எப்படி மற்றவனுக்கு விஷமாகும் என்று. ராத்திரி முழுக்க இதுதான் மனசுல ஓடுச்சுங்க, எனக்கே புரியாட்டி நான் எப்படிச் சொல்வேன் என்றார். டாக்டர் எழுந்து, வராந்தாவை விட்டு மண்ணில் இறங்கி, அவர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகப் பதில் சொன்னார். எனக்கு அது கேட்கவில்லை. சிறிது நேரத்தில் எல்லோருமே கேட்டோம்.

பெரட்டுக்களத்தில் எல்லோரும் நின்றார்கள். தொரை குதிரைச்சவுக்கோடு ஒருபக்கம், கங்காணிகள் முன்னால், கைக்குழந்தைக்காரிகள் கடைசியில். இவர் தப்பை மூன்று முறை தட்டினார். தொரைக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏழு ஊசியில ஆறு கெடைச்சிருக்கு. ஒண்ணு கெடைக்கல. ரயில்ல விழுந்திருக்கும்னு சொல்றாங்க. விழுந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் இங்கதான் இருக்குன்னு நெனைச்சுக்கங்க. மருந்துதான்னு நெனைக்காதீங்க. அது எரிக்கிற சாமான். புண்ணு இருக்கிற எடத்துல வச்சா புண்ண எரிக்கும். புண்ணு இல்லாத எடத்துல வச்சா நல்ல சதைய எரிக்கும். அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தொரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு கொழுந்துக்கூடை கீழே விழுந்தது. செல்லாயியின் மகள் முத்தம்மா. இடுப்பில் எட்டு மாதப் பெண் பிள்ளை. அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். செல்லாயி வீங்கிய வாயால், மருந்துன்னுதான என் வாயில வச்சாங்க, புள்ளைக்கு மேலுக்கு நல்லதுன்னு ஒண்ணே ஒண்ணு கட்டினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளையின் அரணாக்கயிற்றில் ஒரு தகரத் தாயத்து.

முத்தம்மா அதைப் பிடுங்கப் போனாள்.

"கையால தொடாத தாயி. கவ்வாத்துக் கத்தியக் குடுங்க யாராச்சும். கயித்த மட்டும் அறு. கீழ விழட்டும். புள்ளயத் தூக்கிட்டு எங்கிட்ட நடந்து வா."

அப்படியே செய்தாள். தாயத்து மண்ணில் விழுந்தது. அத்தனை பேரும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள். யாரும் ஓடவில்லை. பத்தடி போய் நின்றார்கள். நேற்று கேட்ட அளவு அவர்கள் காலில் இருந்தது. நான் ஈயத்தாள் எடுக்க ஸ்டோருக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது டாக்டர் மண்ணில் முழந்தாளிட்டுப் பிள்ளையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தில் ஐம்பது சதக் காசு அளவுக்குச் சிவப்பு. பிள்ளை அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"என்ன ஆகும் சாமி?" என்றாள் முத்தம்மா.

டாக்டர் நிமிரவில்லை. "இந்த இடம் புண்ணாகி ஆறும். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. சில வேளை ஒண்டும் வராது. பத்து வருசமோ இருபது வருசமோ பாத்துத்தான் சொல்லவேணும்."

அவள் அதைக் கேட்டாள். ஆனால் தப்புக்காரரைத்தான் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று நின்றாள். அவரும் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "தெரியலையாம், தாயி" என்றார். "வருசா வருசம் நான் போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

செல்லாயியை அதே காரில் கூட்டிப்போனார்கள். இந்தத் தடவை டாக்டர் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். வெற்றிலையால்தான் அந்தப் புண் வந்தது என்று டாக்டர் சொன்னதையும் இவர் தப்படித்து அறிவித்தார். சொல்லும்போது வாயில் வெற்றிலை இருந்தது. "சொல்லியாச்சு. நானே கேக்கலையே" என்றார் என்னிடம்.

தொரை அவரை ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரம் ஸ்டோருக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பெரட்டுக்கு இனி அதைத்தான் அடிப்பார்களாம். அதற்கு வாய் இல்லை, கேள்வியும் கேட்காது. அவர் முழுநாள் கான் வெட்டப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் துணியைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். அவர் வாசலில் தப்புத் தோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்திருந்தால் எங்கே என்று கேட்டிருப்பார். அதனால் நான் பின்பக்கமாக ஆற்றில் இறங்கிப் போனேன்.

மொனராகலையில் ரப்பர் வெட்டினேன். கரும்புக்குப் போனேன். ஒரு வருஷம் மட்டக்களப்பில். அறுபதுகளின் தொடக்கத்தில் பதுளை பஸ் நிலையத்தில் நின்றபோது அந்த நீளக் கழுத்தைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. தோளில் தப்பு இல்லை. எனக்கு முதலில் விலகிப் போய்விடத்தான் தோன்றியது. அவர் பார்த்துவிட்டார்.

ஏன் சொல்லாமல் போனாய் என்று கேட்கவில்லை. பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்றார். இடுப்பில் தழும்பு இருக்கிறது, ஓடுகிறாள், மரம் ஏறுகிறாள், போன மாசம் காய்ச்சல் வந்தபோது முத்தம்மா மூன்று நாள் தூங்கவில்லை. அந்த இளம் டாக்டர் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். இவர் ஒவ்வொரு வருஷமும் திருவிழா மாதத்தில் பதுளைக்கு இறங்கி, கிடைக்கிற டாக்டரைப் பிடித்து விஷயத்தை முதலிலிருந்து சொல்லிக் கேட்பார். சிலர் விரட்டுவார்கள். சிலர் உட்காரவைத்துக் கேட்பார்கள். பதில் ஒன்றுதான்.

"இன்னைக்கும் கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்னும் தெரியாதாம்."

அன்று பசறைப் பக்கம் பஸ் ஓடவில்லை. எங்கோ மண் சரிந்திருந்தது. நான் காத்திருந்த பஸ் வேறு பக்கம் போவது. அவர் குடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தயாரானார். இருட்டுவதற்குள் போய்ச் சேரமுடியாது. நாளைக்குப் போகலாமே, தெரியாது என்று சொல்வதற்கா இவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்றேன்.

அவர் பழக்கத்தில் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். கையில் குச்சி இல்லை.

"இன்னைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். "போகாம விட்டா, எனக்கு என்னமோ தெரிஞ்சிருச்சுன்னு நெனைச்சுக்கும் முத்தம்மா."